காய்ச்சல் விட்டாலும் கவனத்தை விடாதீர்கள்

டெங்கித் தடுப்பும் பராமரிப்பும்: மூத்தோருக்கான வழிகாட்டி

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் 35,000க்கும் அதிகமானோர் டெங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 2022ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 32,000ஐத் தாண்டியது. 2024ஆம் ஆண்டிலும் 13,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது. அவர்களில் பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் குணமடைந்துவிட்டனர். ஆனால் மூத்தோருக்கும், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் போன்றவை உள்ளோருக்கும் டெங்கி கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

உங்கள் வட்டாரத்தின் துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலோ உங்கள் வீட்டிலோ சமூகத் தாதியரைச் சந்தித்திருப்பீர்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்க்கும்போது அவர்கள் டெங்கியைப் பற்றியும் பேசுவதுண்டு. அவர்கள் சொல்லும் முக்கியமான செய்திகள் இரண்டு. ஒன்று, டெங்கிக் கொசு பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. மற்றொன்று, டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கலாம். இந்த இரண்டையும் இந்தக் கையேடு விளக்குகிறது.

இது பழைய கொசு அன்று

உங்கள் இளமைக் காலத்தில் கொசு என்றால் மலேரியாதான் நினைவுக்கு வந்திருக்கும். மலேரியாக் கொசு இரவில் கடிக்கும். அதனால் கொசுவலை கட்டிப் படுத்தோம். கம்பத்தைச் சுற்றியிருந்த சாக்கடையையும் குட்டையையும் சுத்தம் செய்தோம். அந்த உழைப்பு வீண்போகவில்லை. 1982ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை மலேரியா ஒழிக்கப்பட்ட நாடாக அறிவித்தது.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் பழக்கம் வேறு. அதன் உடலிலும் கால்களிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும். அது பகலில் கடிக்கும். குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும். சாக்கடை நீரைவிடத் தெளிந்த, அசையாத நீரையே அது நாடும். மனிதர்கள் வாழும் இடத்திலேயே வாழ விரும்பும். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், திரைச்சீலை மடிப்பில் ஒளிந்திருக்கும்.

ஆகவே, "எங்கள் வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது போதாது. கூட்டித் துடைத்துப் பளபளப்பாக இருக்கும் வீட்டிலும், பூச்சாடியில் ஒரு வாரம் நிற்கும் நல்ல தண்ணீரில் ஏடிஸ் முட்டையிடும். இருபது காசு நாணயம் அளவு தண்ணீர் தேங்கினாலே அதற்குப் போதும்.

ஏன் வாரம் ஒருமுறை?

ஏடிஸ் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். அந்த ஏழு நாளுக்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசு பிறக்காது. அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டைச் சுற்றிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்தும் கழுவ வேண்டும். ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீரின் விளிம்பை ஒட்டிய பகுதியில் ஒட்டி வைக்கும். அவை மிகச் சிறிய கறுப்புப் புள்ளிகள். கண்ணுக்கு எளிதில் தெரியாது. பாத்திரம் காய்ந்துபோனாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். உட்புறத்தையும் விளிம்பையும் நாரால் தேய்த்தால்தான் முட்டைகள் போகும்.

இதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன் வீட்டைக் கழுவித் துடைக்கும் வழக்கம் உண்டு. சிலர் தொழுகைக்குக் கிளம்பும் முன்னோ, ஞாயிறன்று தேவாலயம் செல்லும் முன்னோ வீட்டை ஒழுங்குபடுத்துவார்கள். ஏற்கெனவே உள்ள அந்தப் பழக்கத்தோடு தண்ணீர் பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

நம் வீடுகளில் பார்க்க வேண்டிய இடங்கள்

• பூச்சாடி, உருளி, பூசையறைச் செம்பு: தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரில் வளர்க்கும் மணி பிளான்ட் போன்ற செடிகளின் வேர்களையும் அலசுங்கள்.

• பூந்தொட்டித் தட்டு: கறிவேப்பிலை, துளசித் தொட்டிகளின் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டித் தட்டைத் துடையுங்கள். தட்டு இல்லாமல் சமாளிக்க முடிந்தால் அதை எடுத்துவிடுவதே நல்லது.

• தொட்டி மண்: மண் இறுகிப்போனால் மேலே தண்ணீர் தேங்கும். சிறு கரண்டியால் கிளறி விடுங்கள்.

• வாளி: பயன்படுத்தாத வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இறுக மூடும் மூடி போடுங்கள்.

• மூங்கில் கழிக் குழாய்: துணி காயப்போடும் கழியைச் செருகும் குழாயில் மழைநீர் நிற்கும். கழி இல்லாதபோது குழாயை மூடி வைக்க வேண்டும்.

• தரை வடிகால்: குளியலறையிலும் சமையலறையிலும் அதிகம் பயன்படாத வடிகால் துளைகளை மூடி வையுங்கள்.

• குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டி, பாத்திரம் வடியும் தட்டு: இவற்றின் அடியில் சேரும் நீரையும் மறந்துவிடாதீர்கள்.

தரைவீட்டில் இருப்பவர்கள் கூரைத் தண்ணீர்க்குழாயில் இலைகள் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வற்றாத இடங்களில் மணல் போன்ற புழுக்கொல்லி மருந்தைப் போடலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இந்த வேலைகளுக்காக நாற்காலியிலோ முக்காலியிலோ ஏறாதீர்கள். சன்னலுக்கு வெளியே எட்டிக் குனியாதீர்கள். கொசுவைத் தேடப் போய் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது நல்ல பேரம் அன்று. உயரமான இடங்களையும் கனமான தொட்டிகளையும் பிள்ளைகளிடமோ பணிப்பெண்ணிடமோ ஒப்படையுங்கள். தனியாக வசிப்பவர்கள் தாதியிடம் சொன்னால், உதவிக்குத் தொண்டூழியர்களை எப்படி நாடலாம் என்று அவர் வழிகாட்டுவார்.

கடிபடாமல் இருக்க

• வெளிர் நிறத்தில், கையையும் காலையும் மூடும் தளர்வான உடை அணியுங்கள். காலையில் நடைப்பயிற்சி, மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் பேச்சு என்று வெளியே இருக்கும்போது இது உதவும்.

• டீட், பிகாரிடின் அல்லது ஐஆர் 3535 சேர்ந்த கொசு விரட்டியை வெளியே தெரியும் தோலில் பூசுங்கள். புண் உள்ள இடத்தில் பூச வேண்டாம். நீரிழிவால் தோல் வறண்டு வெடித்திருந்தால் தாதியிடம் முதலில் கேளுங்கள்.

• வீட்டின் இருண்ட மூலைகளில் கொசு மருந்து தெளிக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நேரத்தில் வெளியே இருப்பது நல்லது.

• பகலில் படுத்து ஓய்வெடுப்பவர்களுக்கும் படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கும் பகலிலும் கொசுவலை பயன்படும்.

சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் கொசுவைச் சற்று விலக்கி வைக்கலாம். தண்ணீரில் இருக்கும் புழுவை அவை ஒன்றும் செய்யா.

டெங்கி எப்படித் தொடங்கும்?

தொற்றுள்ள கொசு கடித்துப் பொதுவாக 4 முதல் 10 நாளுக்குள் திடீரென்று காய்ச்சல் வரும். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி, தசைவலி, குமட்டல், வாந்தி, தோலில் சிவந்த தடிப்பு ஆகியவை சேர்ந்து வரலாம். ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசியலாம்.

மூத்தோருக்கு இந்த அறிகுறிகள் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் லேசாகவே இருக்கலாம். அதற்குப் பதிலாகச் சோர்வு, பசியின்மை, தலைசுற்றல், தடுமாறி விழுதல், குழப்பமான பேச்சு ஆகியவை முதலில் தென்படலாம். "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால், குறிப்பாக உங்கள் வட்டாரத்தில் டெங்கி பரவும்போது, பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள். ரத்தப் பரிசோதனை மூலம் டெங்கியைக் கண்டறியலாம்.

காய்ச்சல் தொடங்கிய நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். "இன்று எத்தனையாவது நாள்?" என்பது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. அதன் காரணம் கீழே.

காய்ச்சல் இறங்கும் நாள்

மற்றக் காய்ச்சல்களில் சூடு தணிந்தால் நிம்மதி. டெங்கியில் அப்படி நினைத்துவிட முடியாது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது பொதுவாக இறங்கும். அதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு நிலைமை மோசமாகும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். ரத்த அழுத்தம் விழும். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பதால் உள்ளே ரத்தக் கசிவும் ஏற்படலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, "சூடு விட்டது, தூங்குகிறார்" என்றுதான் தோன்றும்.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நிலைமை கடுமையாக இருந்தால் 995ஐ அழையுங்கள்.

• கடுமையான, விடாத வயிற்றுவலி
• ஒரே நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் வாந்தி
• ஈறு, மூக்கு ஆகியவற்றிலிருந்து ரத்தம், வாந்தியில் ரத்தம், கறுத்த மலம்
• மூச்சுத் திணறல்
• கை கால் சில்லிட்டுப் பிசுபிசுத்தல்
• அளவுக்கு மீறிய தூக்கம், அமைதியின்மை, குழப்பம்
• ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாமல் இருத்தல்

மருத்துவர் மறுநாள் வரச் சொன்னால், காய்ச்சல் விட்டிருந்தாலும் போக வேண்டும். அவர் பார்க்க விரும்புவது உங்கள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை. தனியாக வசிப்பவர்கள் அந்த இரண்டு நாளுக்கு யாரையாவது உடன் இருக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காலை, மதியம், இரவு தொலைபேசியில் அழைக்கும்படி சொல்லி வையுங்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

மருந்திலும் உணவிலும் கவனம்

டெங்கி வைரசை அழிக்கத் தனி மருந்து இல்லை. ஓய்வு, போதிய நீர், காய்ச்சலைத் தணிக்கும் மருந்து, நெருக்கமான கண்காணிப்பு ஆகியவையே சிகிச்சை.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பனடோல் போன்ற பாராசிட்டமோல் மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், டைக்குளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளை நீங்களாக எடுக்கக்கூடாது. அவை ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். முழங்கால் வலிக்கென்று ஊரிலிருந்து வாங்கி வந்த மாத்திரைகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. பெயர் தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள். அட்டையோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்குப் பிறகோ தினமும் ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்கிறீர்களா? அதை நீங்களே நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் தொடரவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிட முடியாத நாள்களில் நீரிழிவு மருந்தையும் ரத்த அழுத்த மருந்தையும் எப்படி எடுப்பது என்றும் கேளுங்கள்.

கஞ்சி, ரசம், மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்புப் பானங்களைத் தவிருங்கள். கரைசலின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக உள்ளவர்கள், ஒரு நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிகள் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம்.

காய்ச்சலாக இருக்கும்போதும் கொசு விரட்டி பூசுங்கள். டெங்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகத் தொற்றாது. ஆனால் உங்களைக் கடிக்கும் ஏடிஸ் கொசு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து, உடன் வாழும் பேரப்பிள்ளையைக் கடித்து நோயைத் தரலாம். அண்டை வீட்டாரையும் கடிக்கலாம். சங்கிலி அங்கேதான் அறுபட வேண்டும்.

தாதியரிடம் மூத்தோர் கேட்கும் கேள்விகள்

எனக்கு முன்பே டெங்கி வந்துவிட்டது. இனி வராதல்லவா?

வரலாம். டெங்கி வைரசில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிராகத்தான் நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் அபாயம் கூடுகிறது. முன்பு டெங்கி வந்திருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கசாயம் குடிக்கலாமா?

இவற்றை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. ரத்தப் பரிசோதனைக்கும் கண்காணிப்புக்கும் இவை ஈடாகா. நிலவேம்பு, சர்க்கரை மருந்தோடும் ரத்த அழுத்த மருந்தோடும் சேர்ந்து அவற்றின் வேலையைக் கூட்டிவிடலாம். ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தாதியர் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

நான் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறேன். கொசு அவ்வளவு உயரம் வருமா?

வரும். மின்தூக்கியிலும் ஏறி வரும். ஒவ்வொரு மாடியிலும் தேங்கிய நீர் இருந்தால், மாடி மாடியாக மேலேயும் பரவும்.

புகை அடித்தால் போதாதா?

புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீரில் உள்ள புழுவையும் முட்டையையும் கொல்லாது. தண்ணீரை அகற்றாவிட்டால் சில நாளில் புதிய கொசுக்கள் வந்துவிடும்.

அரசாங்கமே கொசுக்களை விடுகிறதாமே?

2016ஆம் ஆண்டு முதல் தேசியச் சுற்றுப்புற வாரியம் வோல்பாக்கியா எனும் நுண்ணுயிரைச் சுமக்கும் ஆண் ஏடிஸ் கொசுக்களைச் சில வட்டாரங்களில் விட்டுவருகிறது. ஆண் கொசு கடிக்காது. அதனோடு சேரும் வட்டாரத்துப் பெண் கொசுவின் முட்டைகள் பொரியா. இவ்வாறு காலப்போக்கில் ஏடிஸ் குறையும். எனினும் அந்த வட்டாரங்களிலும் வாராந்தரச் சுத்தம் தொடர வேண்டும்.

வீட்டைச் சோதிக்க அதிகாரி வந்தால் என்ன செய்வது?

முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் தவறில்லை. சந்தேகம் இருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தை 6225 5632 என்ற எண்ணில் அழைத்து உறுதிசெய்யுங்கள். உண்மையான அதிகாரி வங்கி விவரம் எதுவும் கேட்க மாட்டார். உறுதியானதும் உள்ளே வர விடுங்கள். நீங்கள் காணாத இடத்தில் உள்ள புழுவை அவர் கண்டுபிடிக்கக்கூடும்.

ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்கோ திருமணத்துக்கோ ஊருக்குச் சென்றால் வீடு வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். கிளம்பும் முன் பூச்சாடிகளைக் காலிசெய்து கவிழ்த்து வையுங்கள். கழிப்பறைத் தொட்டிகளையும் வடிகால் துளைகளையும் மூடுங்கள். தொடர்பு எண்ணை அண்டை வீட்டாரிடமோ உறவினரிடமோ கொடுத்துச் செல்லுங்கள்.

இந்தியாவிலும் மலேசியாவிலும் டெங்கி, சிக்குன்குன்யா போன்ற நோய்கள் உண்டு. இந்தியாவின் சில பகுதிகளில் மலேரியாவும் உண்டு. திரும்பி வந்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வட்டாரத்தில் பதாகை தெரிகிறதா?

டெங்கி பரவும் இடங்களில் எச்சரிக்கைப் பதாகைகள் கட்டப்படுகின்றன. மஞ்சள் என்றால் அந்தக் குழுமத்தில் பத்துக்கும் குறைவானோருக்கு டெங்கி கண்டுள்ளது. சிவப்பு என்றால் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல். பதாகையைப் பார்த்தால் வாரம் ஒருமுறை செய்யும் சோதனையை அடிக்கடி செய்யுங்கள். கொசு விரட்டியைத் தவறாமல் பூசுங்கள். தமிழில் மட்டுமே படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாருக்கும், படிக்க முடியாதவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்க

1. வாரம் ஒருமுறை: கொட்டு, தேய், கவிழ்.
2. காய்ச்சல் வந்தால்: தேதியைக் குறி, மருத்துவரைப் பார்.
3. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன்: கேட்காமல் வேண்டாம்.
4. காய்ச்சல் விட்டபின் இரண்டு நாள்: தனியே இருக்க வேண்டாம், ஆபத்து அறிகுறிகளைக் கவனி.
5. அவசரம் என்றால்: 995.

இந்தக் கையேட்டில் புரியாதது எதுவும் இருந்தால், அடுத்த முறை சமூகத் தாதியைப் பார்க்கும்போது இதையும், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டு செல்லுங்கள். டெங்கி வந்தால் எந்த மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.